தாத்தாவோட .423 ரைஃபிளுக்குத் தோட்டா தேடின கதை

அப்பா தவறினப்புறம் ரைஃபிளை ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, வாரிசு லைசென்ஸ் வாங்கி, திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்தது தனிக்கதை. கூடப்பொறந்தவங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்குடுக்கணும், டாக்டர் சர்டிபிகேட், பயிற்சி சர்டிபிகேட், அலைச்சல்தான் ஆனா முடிஞ்சிடும். முடியாதது தோட்டா.

தாத்தா கல்வராயன் மலைக்கு வேட்டைக்குப் போன காலத்து ஜெர்மன் மவுசர் அது, ஊர்ல எல்லாரும் .423ன்னுதான் சொல்லுவாங்க, பொஸ்தகத்துல 10.75×68, அதாவது ரவைன்னு சொல்ற முன்பக்கத்து குண்டோட குறுக்களவு, கூடுன்னு சொல்ற பித்தளை உறையோட நீளம், ரெண்டும் மில்லிமீட்டர்ல. 1972ல வனவிலங்கு சட்டம் வந்ததோட வேட்டை போச்சு, கைனாக்குங்கற இங்கிலாந்து தோட்டா கம்பெனியும் 1970 வாக்குலயே இந்த மாதிரி ரைஃபிள் தோட்டா போடறத நிறுத்திட்டான். மெட்ராஸ்ல ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் .404 இருக்கு தம்பி, ரவை அதே சைஸ்தான்னாரு. ரவை அதேதான், ரெண்டும் .423 இன்ச்தான், ஆனா கூடு 73 மில்லி, அடியும் பெருசு, என் ரைஃபிள்ல உள்ளயே போவாது. நல்லவேளை ஃபோன்லயே கேட்டுக்கிட்டேன், இல்லன்னா பஸ் காசு தண்டம்.

அப்புறம்தான் பரண்ல தாத்தா ட்ரங்குப் பெட்டியில 14 தோட்டா இருக்கறது ஞாபகம் வந்துச்சு. பாண்டியில என் மச்சான் குடும்பம் சொல்தா குடும்பம் (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க), அவன் இப்ப பிரான்ஸ்ல இருக்கான், அங்க கிளப்ல சுடறவன், தோட்டாவையும் அவனே நிரப்பிக்கிறான். வீடியோ கால்ல ஒண்ண காட்டினேன். "தோட்டா கழுத்துகிட்ட கேமராவ கொண்டா மச்சான்"ன்னான். பாத்தா பித்தளையில நீளவாக்குல மயிரிழை கணக்கா விரிசல், ஒண்ணுல இல்ல, ஒம்பதுல. அவன் கேட்ட மொத கேள்வி, "மாட்டுக் கொட்டாய் எவ்ளோ தூரம்?"

செவுத்துக்கு அந்தாண்டதான்.

கோமியத்துல இருந்து வர்ற அம்மோனியா பித்தளைய இப்படித்தான் பொளந்துடுமாம், அதுவும் மழைக்காலத்துல. வெள்ளைக்காரன் பட்டாளம் நம்ம நாட்டுலதான் இத மொதல்ல பாத்திருக்கு, குதிரை லாயத்துல வெச்ச தோட்டாவெல்லாம் மழை முடிஞ்சு எடுத்தா விரிசல் விட்டுக் கெடக்கும், காரணத்த 1921லதான் சரியா கண்டுபிடிச்சாங்க. கடலூர் ஈரத்துக்கும் எங்க வீட்டு ரெண்டு மாட்டுக்கும் அம்பது வருஷம் போதாதா.

மிச்சம் அஞ்ச சுட்டுட்டு, காலிக் கூட்டுல புதுசா நிரப்பலாமேன்னேன். சிரிச்சான். அது பெர்டான் டைப்பு, கேப்புக்கு (அடியில இருக்கற, அடிச்சா தீப்பொறி விடற மூடி) அடியில ரெண்டு சின்ன ஓட்டை, பாக்ஸர் டைப்பு மாதிரி நடுவுல ஒத்த ஓட்டை இருந்தாதான் ஊசி விட்டு பழைய கேப்ப தள்ள முடியும், பத்தாததுக்கு பழைய கேப்புல இருக்கற பாதரசம் சுட்டவுடனே பித்தளைய நொறுங்கற பதத்துக்கு ஆக்கிடும். (பெர்டான் அமெரிக்காக்காரன், பாக்ஸர் இங்கிலாந்துக்காரன், இன்னைக்கு அமெரிக்காவுல புழங்கறது பாக்ஸர் டைப்பு, என்ன சொல்றது.) ஆஸ்திரேலியாவுல பெர்ட்ராம்னு ஒருத்தன் புதுக் கூடு போடறான், மச்சான் அங்க வாங்கிடுவான், நான் இங்க பார்சல்ல வரவழைச்சா கஸ்டம்ஸ்காரன் என்னைத்தான் வரவழைப்பான். வீட்ல நிரப்பற வேலைய நெனச்சுக்கூட பாக்காதீங்கன்னு கடைக்காரரும் சொல்லிட்டாரு.

பதினாலையும் லைசென்ஸோட கொண்டு போய் ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டேன். அங்க இருந்தவர் ஒண்ண கையில எடுத்து எடை பாத்துட்டு, "யானைக்கா சார்?"ன்னாரு. பன்னிக்குங்கன்னேன், நம்பல.

2019க்கு அப்புறம் ஒரு ஆளுக்கு 2 துப்பாக்கிதான், எனக்கு இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கு. .315 கேட்டு மனு போடலாம்னு இருக்கேன், அதுக்குத் தோட்டா நம்ம நாட்லயே போடறாங்க. ட்ரங்குப் பெட்டிய மாடிக்கு மாத்தியாச்சு.