மினி பஸ்ஸில் ஒட்டிக்கொண்ட பாட்டு

2025 ஜூலை 18, வெள்ளி

காலையில் மினி பஸ்ஸில் அந்தப் புதுப் பாட்டை மூன்று முறை போட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது பல்லவி எனக்கு மனப்பாடம். வேதியியல் வகுப்பு முழுக்க என் விரல் தகிட தகிட என்று மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தவிலும் உறுமியும் ஓடிவந்து சட்டென்று நிற்கும் ஓர் இடம் அதில் இருக்கிறது. அரை நொடி மௌனம். பிறகு ஒரே ஒரு சொல். மறுபடி தாளம். அந்த இடத்துக்காகவே பாட்டு இன்னொரு முறை வராதா என்று ஏங்குகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிகளை எழுதிப் பார்த்தேன். தாளம் இல்லாமல் காகிதத்தில் கிடந்த அவற்றைப் படிக்கவே கூசியது. அதில் வரும் பெண்ணுக்கு முகமே இல்லை. அவள் பேசுவதில்லை, சிரிப்பதில்லை, எங்கும் போவதில்லை. இடுப்பில் தொடங்கி, தராசில் ஏற்றிய சரக்கு போல எடை பார்த்து, காயா பழமா என்று அழுத்திப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அந்த மௌனத்துக்குப் பின் வரும் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று தின்பண்டம். இன்னொன்றை இங்கே எழுத மாட்டேன். இத்தனை அழகான மெட்டுக்கு வாய்த்த வரி இதுதானா என்று அழுகை வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மாலை பஸ்ஸில் நல்ல கூட்டம். படிக்கட்டில் நின்ற பையன்களில் ஒருவன், நான் இறங்கும் நேரம் பார்த்துக் கம்பியில் தாளம் போட்டான். சரியாக அந்த இடத்தில் நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைப் பாடினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி நின்று கேட்டேன். "பாட்டுத்தானே பாடினேன்" என்றான். கண்டக்டரும் அதையேதான் சொன்னார். அதே சொல்லை அவன் பேச்சாகச் சொல்லியிருந்தால் பஸ்ஸில் இருந்த பெரியவர்களில் ஒருவராவது அவனைத் தட்டிக் கேட்டிருப்பார். மெட்டில் வந்ததால் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இரவு படுத்த பிறகும் அதே தாளம். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. என்னைக் கேவலப்படுத்திய வரியை என் நாக்கே முணுமுணுக்கிறது.

ஜூலை 24, வியாழன்

எதிர்வீட்டு அக்கா திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறார். நடந்ததைக் கேட்டதும் புத்தகத்தை எடுத்து விரித்தார். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 294ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296ஆம் பிரிவு. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசப் பாட்டுப் பாடினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாட்டு என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது! அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அப்படியானால் தணிக்கைக் குழு என்ன செய்கிறது என்று கேட்டேன். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பார்ப்பது திரையரங்குக்கு வரும் படத்தை. படத்துக்கு முன்பே யூடியூபில் வந்துவிடும் பாட்டு அவர்களிடம் போவதில்லை. அமெரிக்காவில் 1985இல் இந்த விவாதம் செனட் வரை போய், இசைத்தட்டு உறைகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை இடம்பெறத் தொடங்கியதாம். பஸ்ஸில் ஒலிக்கும் பாட்டுக்கு உறை கிடையாது. ஏறியவர்கள் எல்லோரும், மடியில் இருக்கும் குழந்தை உட்பட, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

ஆச்சியிடம் சொன்னேன். காலம் கெட்டுவிட்டது என்பாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கள் நடவுப் பாட்டில் இல்லாத பச்சையா?" என்று கேட்டுவிட்டுக் கார் பருவ நெல் நடவில் பாடிய ஒன்றை மெல்லிய குரலில் பாடினாள். மாமனின் வீரத்தைப் பற்றிய பாட்டு. எனக்குக் காது சிவந்துவிட்டது. "வரப்பில் ஆம்பிளைகள் வந்தால் இன்னும் உரக்கப் பாடுவோம். தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்" என்றாள்.

வெகுநேரம் யோசித்தேன். ஆச்சியின் பாட்டும் பச்சைதான். ஆனால் அதில் பாடுகிறவள் பெண். ஆசைப்படுவதும் அவள், கேலி செய்வதும் அவள். அது என்னைச் சுடவில்லை. எனக்குக் கோபம் ஆசையின் மேல் இல்லை என்று அப்போதுதான் தெளிந்தது. பஸ் பாட்டில் அவளுக்கு வாய் கொடுக்கவில்லையே, அதன் மேல்தான்.

ஆகஸ்ட் 2, சனி

மெட்டை விட மனம் வரவில்லை. புது வரி எழுதிப் பார்க்கிறேன். பஸ்ஸில் போகிறவள் பாடுவது போல நான்கு வரி வந்துவிட்டன. அந்த அரை நொடி மௌனத்துக்குப் பின் மட்டும் ஒரு சொல்லும் பொருந்தவில்லை. "பஸ்ஸு" சின்னதாகிவிடுகிறது, "பயணம்" இழுக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி, நான் நிறுத்திய இடத்தில் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். தெருவில் போன இருவர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.