கிணற்றடி எஞ்சினும் சிக்கிய காற்றும்

நிமிடத்துக்கு 650 சுற்றில் நிதானமாக ஓடும் எங்கள் கிணற்றடி லிஸ்டர் வகை எஞ்சினுக்குப் புதிய லைனரும் (சிலிண்டரின் உள்ளுறை) பிஸ்டன் ரிங்குகளும் போட்டு, ரிங் வாய்கள் (வளையத்தின் வெட்டு இடைவெளிகள்) ஒரே கோட்டில் நிற்காதபடி திருப்பி வைத்து மூடிய பிறகும், ஹேண்டிலை எவ்வளவு சுற்றினாலும் அது பிடிக்கவில்லை. எளிதாகச் சுற்றுவதற்காக அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷன் லீவரை விட்டதும் ஹேண்டில் முரண்டியதால், அழுத்தத்தில் குறையில்லை. புகைபோக்கியில் எரியாத டீசலின் வெள்ளைப் புகைகூட எழாததால், வழியில் காற்று சிக்கி டீசலே உள்ளே இறங்கவில்லை என்று புரிந்தது.

ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தியபோது நுரைத்து வந்த டீசல், குமிழி அடங்கித் தெளிவாக வழியும்வரை பொறுத்திருந்து இறுக்கினேன். இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது. பின்னர் நாசிலுக்கு (டீசலைப் பீய்ச்சும் முனை) வரும் குழாயின் நட்டைத் தளர்த்தி, அங்கும் காற்றை வெளியேற்றி முடுக்கினேன். சுற்றும்போது நாசில் ‘கிர்ர்’ என்று ஒலித்தது. அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.