தொடுவதற்கு முன் கேளுங்கள்

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் இருக்கும் நோயாளிக் குறிப்புகளை ஒரே இடத்தில் சேர்த்து ஆராய்ச்சிக்குத் தர 'கேர்.டேட்டா' என்றொரு திட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். மக்களிடம் சொன்ன விதம்தான் தப்பு. 2014 ஜனவரியில் வீடு வீடாக ஒரு துண்டறிக்கை, அவ்வளவுதான். பலர் அதைப் பார்க்கவே இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள், 2016-இல் கைவிட்டார்கள். எத்தனை நல்ல ஆய்வுகள் அதோடு போயிருக்கும்!

பக்கத்து வேல்ஸில் வேறு மாதிரி. ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் 'செயில்' தரவு வங்கி, மருத்துவம், கல்வி போன்ற பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வுக்காக இணைக்கிறது. அங்கே பொதுமக்கள் குழு ஒன்று உண்டு. ஆய்வு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இடத்திலும் சாதாரண மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவு வந்தபிறகு கூப்பிட்டுச் சொல்வது அல்ல இது. தரவைத் தொடும் முன்பே "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று அவர்கள் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தரவு ஆராய்ச்சியில் இருக்கும் நண்பர்களே, ஆய்வுக் கேள்வியை எழுதும்போதே நீங்கள் எடுக்கப்போகும் பதிவுகளில் இருக்கக்கூடிய நாலு பேரை அழைத்துப் பேசுங்கள். அவர்களின் பயணச் செலவையும் அன்றைய கூலியையும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.