அடியில் ரோமானியர், மேலே கிரேடு 2: செஸ்டரில் சமையலறை கட்டிய கதை

இங்கிலாந்தின் செஸ்டர் நகரில், கோட்டை மதிலுக்கு உள்ளே, 18ஆம் நூற்றாண்டு வரிசை வீடு ஒன்றின் பின்முற்றத்தில் ஒரு சின்ன சமையலறை கட்டினோம். வீடு கிரேடு 2 லிஸ்டட், அதாவது சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய கட்டடம். அதற்கென்று ஒரு அலைச்சல் இருக்கும் என்பது வாங்கும்போதே தெரியும். மண்ணுக்குத் தனியாக இன்னொரு சட்டம் இருப்பதை ஆர்க்கிடெக்ட்தான் சொன்னார். இரண்டையும் கடந்துவந்த விவரத்தை, இதுபோன்ற ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மேலே. லிஸ்டட் என்றால் முகப்பை மட்டும் தொடக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, கணப்பு எல்லாமே அதில் அடக்கம். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் மாற்றினால் அபராதத்தோடு போகாது, அது கிரிமினல் குற்றம். பிளானிங் (கட்டட அனுமதி) விண்ணப்பத்துக்குக் கட்டணம் உண்டு. லிஸ்டட் அனுமதிக்குக் கட்டணம் இல்லை. இரண்டையும் சேர்த்தே போட்டோம். அதிகாரி அதிகம் கேட்டது ஒரே விஷயம்: புதுச் சுவர் பழைய செங்கலைத் தொடும் இடம். சிமென்ட் கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான். நாளைக்குப் புதுச் சுவரை எடுத்தாலும் பழைய சுவரில் காயம் இருக்கக்கூடாது என்றார். நியாயமான பேச்சுதான்.

இனி கீழே. 1979ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் ஐந்து ஊர்களின் மையப்பகுதியைத் தொல்லியல் முக்கியத்துவம் உள்ள பகுதியாக வைத்திருக்கிறது: செஸ்டர், யார்க், கேன்டர்பரி, எக்ஸிடர், ஹெரெஃபோர்ட். அங்கே மண்ணைக் கிளறும் வேலைக்கு ஆறு வாரம் முன்னதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும். பிளானிங் அனுமதி கையில் இருந்தாலும் இது தனி. அதிகாரிகள் விரும்பினால், அந்த ஆறு வாரத்துக்கு மேல் நான்கு மாதம் இரண்டு வாரம் வரை தாங்களே தோண்டிப் பார்க்கலாம். எங்கள் விஷயத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால் ஊரே பதில் சொல்லும். இங்கே முகாமிட்டிருந்த ரோமப் படையின் மிகப்பெரிய குளியல் கூடம் ஒன்று 1960களில் கடைவளாகம் கட்டுவதற்காகப் பெரும்பாலும் அழிக்கப்பட்டது. இன்னொரு பக்கம் டீ ஹவுஸ் (Dee House) என்ற மாளிகை. 1730 வாக்கில் கட்டிய அந்த மாளிகையும் லிஸ்டட். அதற்கு அடியில் கிடப்பது ரோம நீள்வட்ட அரங்கின் தென்பாதி. 1929இல் அங்கிருந்த பள்ளிக்காகத் தோண்டியபோதுதான் அரங்கு இருப்பதே வெளியே தெரிந்தது. வடபாதியைத் தோண்டி 1972இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தென்பாதியைப் பார்க்க வீட்டை இடிக்க வேண்டும், வீடோ சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. எது முக்கியம் என்று ஊர் பல வருடமாகச் சண்டை போடுகிறது. என்னைக் கேட்டால், வீடு இருக்கட்டும். மண்ணுக்குள் இருப்பது எங்கும் ஓடிவிடாது.

கவுன்சிலின் தொல்லியல் அதிகாரியிடம் பேசி, முற்றத்தில் ஒரு சோதனைக் குழி போட்டோம். மண்வெட்டியும் கரண்டியும்தான், இயந்திரம் கிடையாது. மேலே கரி, களிமண் புகைக்குழாய்த் துண்டுகள், சிப்பி ஓடுகள். அதற்குக் கீழே சிவப்பு மணற்கல் ஜல்லி. அந்த மட்டத்தில் விளிம்பு தூக்கிய கூரை ஓட்டின் ஒரு துண்டு வந்தது. ஈரமாக இருந்தபோது விரல்களால் இழுத்த அரைவட்டக் கோடு அதில் அப்படியே இருந்தது. ஓடு செய்தவர்கள் போடும் அடையாளமாம். இங்கிருந்த 20ஆம் லீஜியனின் (ரோமப் படைப்பிரிவு) ஓட்டுச் சூளை டீ (Dee) ஆற்றங்கரையில் தெற்கே ஹோல்ட் என்ற ஊரில் இருந்தது. அங்கிருந்து வந்திருக்கலாம் என்றார் குழியில் நின்ற தொல்லியல்காரர்.

அந்தத் துண்டுதான் வரைபடத்தை மாற்றியது. முதலில் ஆழமாகக் கால்வாய் தோண்டி அஸ்திவாரம் போடுவதாக இருந்தது. அதை விட்டுவிட்டு, ஆழமில்லாத கம்பி கட்டிய ராஃப்ட் தளம் (முழு அறைக்கும் ஒரே கான்கிரீட் பலகை) போட்டோம். கழிவுநீர்க் குழாயைப் பழைய விக்டோரியன் குழாய் போன வழியிலேயே இறக்கினோம். அந்த மண் ஏற்கெனவே கலைந்தது, புதிதாகக் கெடுவதற்கு ஒன்றுமில்லை. தோண்டாமல் கட்ட வழி சொல்லும் எஞ்சினியர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அவரையும் தொல்லியல்காரரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள்.

தோண்டும்போது கண்காணிக்க ஒருவர் நிற்க வேண்டும், செலவு நம்முடையது. கிடைத்த பொருள், புதையல் சட்டத்தில் வராதவரை, நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம். அந்தக் கூரை ஓட்டுத் துண்டை அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். வேலையைவிட இழுத்தது அறிக்கைதான். நாங்கள் அமர்த்திய நிறுவனம் அதைத் தர மாதக்கணக்கில் ஆக்கியது. அறிக்கை போய்ச் சேராமல் பிளானிங் நிபந்தனை தீராது. ஒப்பந்தத்திலேயே அறிக்கைக்குத் தேதி போட்டு, கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள்.

பணக் கணக்கு போடுபவர்களுக்கு ஒன்று. அனுமதி பெற்று லிஸ்டட் வீட்டில் செய்யும் மாற்றங்களுக்கு முன்பு வாட் (மதிப்புக் கூட்டு) வரி கிடையாது. 2012 அக்டோபர் 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். இப்போது 20 சதவீதம்.