அட்டைப் பெட்டிக்குள் ஒரு வளைகூரை

உரோமை நகரின் புனித இஞ்ஞாசியார் கோவிலில், நடுக்கூடத்தின் தரையில் வட்டமான ஒரு பளிங்குக்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குச் சுவரின் மேல் இன்னொரு மாளிகை எழுந்து, தூண்களும் வளைவுகளுமாக உயர்ந்து, கடைசியில் வானமே திறந்துகொண்டது போலத் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது, பாதி உருளையைக் கவிழ்த்தது போன்ற ஒரு வளைகூரையும் அதன் ஈரச்சாந்தில் தீட்டிய வண்ணமும்தான். இயேசு சபையின் துறவுச் சகோதரரான ஆந்திரேயா பொட்சோ இதை 1691 முதல் 1694 வரை தீட்டினார். நான் அங்கே சென்றதில்லை. படங்களை மட்டும் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, வளைந்த பரப்பில் நேரான தூணை எப்படி நிறுத்தினார் என்ற கேள்வி தீரவே இல்லை. தட்டைப் பரப்பில் ஆழத்தைக் காட்டும் காட்சிக்கோணக் கலையைப் பற்றி அவர் 1693-இல் வெளியிட்ட நூலில் அந்த வழிமுறையை விளக்கியிருப்பதால், அதையே சிறிய அளவில் செய்து பார்க்கத் துணிந்தேன்.

வழிமுறை கேட்பதற்கு எளியது. வளைவு தொடங்கும் மட்டத்தில் கட்டம் கட்டமாக நூல்வலை ஒன்றை இழுத்துக் கட்ட வேண்டும். தரையில் பார்வையாளரின் கண் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு வைத்தால், வலையின் நிழல் கூரையில் விழும். தட்டையான தாளில் வரைந்த படத்தை அதே எண்ணிக்கையுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தில் உள்ளதையும் அதற்குரிய நிழல்கட்டத்துக்குள் பெயர்த்தெழுத வேண்டும். உயரம் மிகுந்து நிழல் தெளியாத இடங்களில், கண்புள்ளியிலிருந்து ஒரு கயிற்றை வலையின் வழியாகக் கூரைவரை இழுத்துக் குறிக்கலாம் என்கிறார். கொத்தனார் நூல் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

என் பெட்டியின் உள்ளகலம் 30 சென்டிமீட்டர், நீளம் 60 சென்டிமீட்டர். கூரைக்காக 47 சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய வரைதாளை, 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள இரு அரைவட்ட அட்டைகளின் மேல் வளைத்துப் பொருத்தினேன். கூரை தொடங்கும் மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே, அடிப்பலகையின் நடுவில் ஒரு துளை. அதுவே கண். கறுப்புத் தையல் நூலை 3 சென்டிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் 9, குறுக்கே 19 என்று குண்டூசிகளில் இழுத்துக் கட்டியபோது 200 கட்டங்கள் கிடைத்தன.

முதல் நாள் கைவிளக்கை வைத்ததும் நிழல்கள் பஞ்சு போலப் பரவின. விளக்கின் வாய் அகலமாக இருந்ததுதான் காரணம். கைப்பேசி விளக்கின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, அதில் ஊசியால் ஒரு சிறு துளையிட்டதும் கோடுகள் கூர்மையாகிவிட்டன. ஆனால் பெட்டிக்குள் கையை விட்டால் கையின் நிழலே கோட்டை மறைத்தது. தாள் மெல்லியது என்பதால் இருட்டறையில் நிழல் வெளிப்புறமும் தெரிந்தது. எனவே நூல்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களை வெளியிலிருந்தே ஊசியால் குத்திக் குறித்தேன்.

அதன் பிறகு செய்த தவறு எனக்கு ஒரு வார உழைப்பைக் கொண்டுபோனது. விளக்கைத் துளையில் வைக்காமல், அதிலிருந்து பக்கவாட்டில் 4 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தேன். அந்த நிழலைக் கொண்டு படம் வரைந்து முடித்து, துளையில் கண்ணை வைத்துப் பார்த்தபோது ஒரு தூண்கூட நேராக நிற்கவில்லை. எல்லாம் காற்றில் சாய்ந்த வாழைபோல நடுவில் வளைந்திருந்தன. விளக்கு இருந்த இடமும் கண் இருக்கும் இடமும் ஒன்றாக இல்லாவிட்டால் இந்த முறையில் எதுவும் நிற்காது என்பதை நூலில் படித்திருந்தேன். கையால் செய்தபோதுதான் அது உறைத்தது.

இரண்டாம் முறை விளக்கைத் துளையிலேயே பொருத்தினேன். 171 சந்திப்புகளில் 143 மட்டுமே தாளில் விழுந்தன; இரு முனைகளிலும் இருந்த நூல்களின் நிழல் தாளைத் தாண்டி அரைவட்ட அட்டைகளுக்குப் போய்விட்டது. தாளைக் கழற்றி மேசையில் விரித்து, ஊசித்துளைகளைப் பென்சிலால் இணைத்த அந்த ஒரு மணி நேரத்தை இந்த வேலை முழுவதிலும் மிக அழகானதாக நினைக்கிறேன். நீளவாக்கு நூல்களெல்லாம் நேர்கோடுகளாகவே இருந்தன. ஆனால் 3 சென்டிமீட்டராக இருந்த இடைவெளி கூரையின் உச்சியில் 4 ஆகவும், சுவரோரத்தில் 6 ஆகவும் விரிந்திருந்தது. குறுக்கு நூல்களில் நடுநூல் மட்டும் நேராக இருக்க, மற்றவை முனைகளை நோக்கிப் புடைத்து, விலக விலக வளைவு மிகுந்து சென்றன.

படத்துக்கு, பக்கத்துக்கு நான்காக எட்டுத் தூண்கள் போதும் என்று முடிவு செய்தேன். நடுக்கோட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிச் சுவரின்மேல் நிற்கும் தூணுக்கு 20 சென்டிமீட்டர் உயரம் என்று கொண்டால், கண்ணிலிருந்து அதன் அடி 40, தலை 60 உயரத்தில் இருக்கின்றன. ஆகவே தட்டைப் படத்தில் தூணின் தலை நடுக்கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டரில் வர வேண்டும். எல்லாத் தூண்களும் நடுவிலுள்ள ஒரே மறைபுள்ளியை, அதாவது கோடுகளெல்லாம் கூடும் புள்ளியை, நோக்கிச் சாய்கின்றன. அவற்றைக் கட்டம் கட்டமாகப் பெயர்க்கும்போது தாளில் தூண்கள் வளைந்தே வரும். அவ்வாறு வளைத்து வரைந்தால்தான் பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும். தாளை மீண்டும் பொருத்தித் துளை வழியே பார்த்தேன். கூரையின் வளைவு மறைந்து, பெட்டி இன்னொரு மடங்கு உயர்ந்துவிட்டது போல இருந்தது. பார்வையை ஓர் அங்குலம் நகர்த்தியதும் தூண்கள் சரியத் தொடங்கின.

இந்தச் சரிவைக் குறையென்று பொட்சோவின் காலத்திலேயே சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணின் உண்மையான புள்ளி இறைவனின் மகிமையே, எல்லாக் கோடுகளும் அங்கேயே செல்லட்டும் என்பது அவர் ஓவியருக்குச் சொன்ன அறிவுரை. அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. சீர்திருத்தச் சபையினர் கோவில்களிலிருந்து உருவங்களை அகற்றியபோது, திரிதெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம் 1563-இல் உருவங்களுக்கு இடமுண்டு என்று உறுதி செய்தது. பொட்சோ 1642-இல் பிறந்ததும் அதே ஊரில்தான். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரைத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1622-இல் புனிதராக அறிவித்தார். அந்தத் திருத்தந்தையின் உறவினரான கர்தினால் லுதொவிக்கோ லுதொவிசியின் பொருளால் 1626-இல் இந்தக் கோவில் தொடங்கியது. கூரையின் நடுவே தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒளி, அங்கிருந்து இஞ்ஞாசியாரின் இதயத்துக்கும், அதிலிருந்து நான்கு கண்டங்களுக்கும் பிரிந்து செல்கிறது. ஒரு சபையின் வரலாற்றை உலகத்தின் வரலாறாகக் காட்டும் ஓவியம் இது என்றே நான் கருதுகிறேன். அதன் கணிதத்தை வியக்கும்போதே அதன் அரசியலையும் காண வேண்டியிருக்கிறது.

ஆசியாவின் மூலையைப் பார்க்கும்போது என்னால் வெறும் கணக்காளனாக இருக்க முடியவில்லை. ஒட்டகத்தின்மேல் ஒரு பெண் அமர்ந்திருக்க, அவள் காலடியில் தோற்றவர்கள் சரிகிறார்கள். இந்தக் கூரை பாதி முடிந்திருந்த 1693 பிப்ரவரியில், அதே சபையைச் சேர்ந்த அருளானந்தர் இராமநாதபுரத்துச் சேதுபதியின் ஆணையால் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவருடைய முடிவுக்கு வழிவகுத்தது மறவர் நாட்டு இளவரசரான தடியத்தேவரின் மனமாற்றமும் அவர் தம் மனைவியரில் ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்கியதும். ஓரியூரில் நடந்ததில் பல கோடுகள் பல பக்கங்களுக்குச் சென்றன. அவற்றை ஒரே புள்ளியில் கூட்டிவிட முடியாது. என் பெட்டியில் அந்த மூலையை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

இப்போது அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அந்தக் கோவிலுக்குத் திட்டமிட்ட குவிமாடம் கட்டப்படவே இல்லை. அதன் இடத்தில் பொட்சோ 1685-இல் துணியில் தீட்டிய பொய்க்குவிமாடம் ஒன்றை ஏற்றினார். இதில் பார்வையாளர் நேர்கீழே இல்லை, நடுக்கூடத்தில் சற்றுத் தள்ளி நிற்கிறார். ஆகவே உச்சி வட்டத்தின் மையத்திலிருந்து விலகி ஓரமாக விழுகிறது. தூண்களைத் தரையிலிருந்து எழுப்பாமல், சுவரிலிருந்து நீளும் தாங்குபலகைகளின்மேல் நிறுத்தியதைச் சில கட்டடக் கலைஞர்கள் குறை சொன்னபோது, அவை பாரம் தாங்காமல் விழுந்தால் செலவைத் தானே ஏற்பதாக ஓவிய நண்பர் ஒருவர் கூறினார் என்று பொட்சோ எழுதியிருக்கிறார். 24 சென்டிமீட்டர் வட்டத்தில் முதல் நான்கு தாங்குபலகைகளை வரைந்துவிட்டேன். மறைபுள்ளி வட்டத்துக்கு வெளியே விழுவதால், கோடுகளை இழுக்க மேசையின் மறுமுனையில் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்திருக்கிறேன்.