ஏற்காட்டுக்கு டீசல் கார்தான் வேண்டுமா?

என் கணவர் இன்னும் டீசல் கட்சிதான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த இழுவைக்கு ஈடில்லை என்பார். சரி, ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதியே டீசல் கார்களை நிறுத்திவிட்டது. சேலம் நகருக்குள்ளேயே அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் மட்டும் ஓடும் புது டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நீண்ட தூரம் ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரியும். சி.என்.ஜி. சிக்கனம்தான், சிலிண்டர் டிக்கியைப் பிடித்துக்கொண்டால் காபி மூட்டையை எங்கே வைப்பது?

நான் மின்சாரக் கார் பக்கம். நின்ற இடத்திலிருந்தே இழுவை உண்டு. ஏறும்போது சார்ஜ் மளமளவெனக் குறையும், உண்மை. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும், பிரேக்கும் அவ்வளவு சூடேறாது. அப்புறம், மலைமேல் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். நிறைந்த பேட்டரியில் அந்த மின்சாரத்துக்கு இடமிருக்காது.