மகள் லபுபு கேட்கிறாள்

ஜூன் 15, 2025, ஞாயிறு

பள்ளி திறந்ததிலிருந்து இதே பேச்சுதான். வகுப்பில் நாலைந்து பேர் பையில் லபுபு பொம்மை தொங்குகிறதாம். "எனக்கும் ஒண்ணு வேணும்மா" என்கிறாள். ஒன்பது வயது. கடையில் புரண்டு அழுது வாங்குகிற பிள்ளை இல்லை இவள். அதனாலேயே "அதெல்லாம் வேண்டாம் போ" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட மனசு வரவில்லை. விசாரிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

மத்தியானம் உட்கார்ந்து படித்தேன். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங் என்ற ஓவியர் 2015இல் தன் படக்கதைகளுக்காக வரைந்த குட்டிப் பூதம் இது. முயல் காது, வாய் நிறைய ஒன்பது கூர்ப்பல். 2019இல் பெய்ஜிங்கின் பாப் மார்ட் நிறுவனம் உரிமம் வாங்கிப் பொம்மையாக்கி விற்க ஆரம்பித்தது. 2024இல் பிளாக்பிங்க் என்ற கொரியப் பாப் இசைக் குழுவின் பாடகி லிசா தன் பையில் இதை மாட்டிப் படம் போட்டார். முதலில் தாய்லாந்தில் பற்றிக்கொண்டது, பிறகு உலகம் முழுக்க. போன செவ்வாய்க்கிழமை ஆள் உயர லபுபு ஒன்று பெய்ஜிங்கில் 10.8 லட்சம் யுவானுக்கு ஏலம் போயிருக்கிறது. நம் காசில் ஒரு கோடிக்கு மேல்.

சின்னப் பொம்மை சீனாவில் 99 யுவான், ஏறக்குறைய 1,200 ரூபாய். சென்னையில் அவர்களுக்குச் சொந்தக் கடை கிடையாது. இன்ஸ்டாகிராமில் வாங்கி விற்கிறவர்கள் கேட்பது அதைப்போலப் பல மடங்கு. பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. அந்தச் சுமையும் இதில் சேர்கிறது. ஆனால் வரி மட்டுமே இவ்வளவு ஏற்றாது. கிடைக்காது என்ற பயத்துக்குத்தான் மிச்சப் பணம் போகிறது.

ஜூன் 20, வெள்ளி

அந்தப் பயத்துக்கு என்ன விலை என்று இந்த வாரமே தெரிந்துவிட்டது. நிறுவனம் ஒரே நேரத்தில் நிறைய முன்பதிவைத் திறந்துவிட, சீனாவில் மறுவிற்பனை விலை மளமளவென்று இறங்கியிருக்கிறது. அதே துணி, அதே பல். போன வாரம் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கிய அப்பா அம்மாக்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

விலையைவிட என்னை உறுத்துவது வேறு. இந்தப் பொம்மை மூடிய பெட்டியில் வருகிறது. ஒரு தொடரில் ஆறு நிறம், எந்தப் பெட்டிக்குள் எது என்று பிரித்தால்தான் தெரியும். அது போக 'சீக்ரெட்' என்று ஏழாவது ஒன்று, 72 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில். மகளுக்கு வேண்டியது பச்சை.

பரமபத டப்பாவிலிருந்து பகடையை எடுத்துவரச் சொன்னேன். "மூணு விழுந்தா பச்சை. ஒவ்வொரு உருட்டலும் ஒரு பெட்டி, ஒரு பெட்டி 1,200 ரூபாய். உருட்டு" என்றேன். நோட்டில் அவளே எழுதிக்கொண்டாள். ஒன்று, ஐந்து, ஐந்து, ஆறு. அடுத்தும் ஐந்து. சிரித்துக்கொண்டே உருட்டியவள் கொஞ்ச நேரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பகடையை உள்ளங்கையில் மூடி வாய்க்கருகே வைத்து ஊதினாள். "இப்ப வந்துரும்மா, பாரேன்" என்றாள். வரவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை." குரலே மாறிவிட்டது. நோட்டுப் பக்கம் அவள் பார்வை போகவே இல்லை. காசு எவ்வளவு ஏறியது என்று கூட்டவும் இல்லை. மூன்று விழுந்தபோது எழுந்து குதித்தாள். அதற்குள் எத்தனை ஆயிரம் போயிருந்தது என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

விளையாட்டுப் பகடைக்கே என் பிள்ளை இப்படி ஆகிறாள். நிஜப் பெட்டி, நிஜக் காசு, சுற்றிலும் தோழிகள் என்றால்?

அப்புறம் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். குறிப்பிட்ட ஒரு நிறம் கிடைக்க சராசரியாக ஆறு பெட்டி, 7,200 ரூபாய். ஆறு நிறமும் சேர வேண்டுமென்றால் சராசரியாகப் பதினைந்து பெட்டிக்கு ஒரு மயிரிழை குறைவு, அதாவது 14.7. கிட்டத்தட்ட 18,000 ரூபாய், அதுவும் சீனக் கடை விலைக்கு. முழுத் தொடரையும் மொத்தமாக வாங்கினால் ஆறும் வேறுவேறாக வந்துவிடும். ஒற்றைப் பெட்டியாக வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு, பிள்ளைகள் கேட்பதும் ஒற்றைப் பெட்டிதான். சீக்ரெட் விஷயம் இதைவிட மோசம். நூறு பேர் ஆளுக்கு 72 பெட்டி வாங்கினாலும் அவர்களில் முப்பத்தாறு, முப்பத்தேழு பேருக்கு அது கிடைக்காது. "72க்கு ஒண்ணுன்னா 72 வாங்கினா வரணும்ல?" என்று கேட்டாள். வராது என்பதைப் பகடையை வைத்தே புரியவைக்க முடிந்தது: ஆறு தடவை உருட்டியும் ஒரு தடவைகூட மூன்று விழாமல் போகலாம் இல்லையா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சீன அரசே 2023இல் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மூடிய பெட்டிகளை விற்கக் கூடாது, எட்டுக்கு மேற்பட்ட சிறார்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று வழிகாட்டுதல் போட்டது. லபுபு பெட்டியிலோ 15 வயதுக்கு மேல் என்று போட்டு விற்கிறார்கள். எங்கள் வீட்டுச் சண்டையோ நாலாம் வகுப்புப் பிள்ளையை வைத்து.

ஜூலை 3, வியாழன்

கூட வேலை பார்க்கும் ஒருவர் மலிவாகக் கிடைத்தது என்று மூத்தவளுக்கு ஒன்று வாங்கியிருக்கிறார். போலி. இதற்கென்றே 'லஃபுஃபு' என்று உலகம் முழுக்கப் பெயர் வைத்துவிட்டார்கள். பல் பத்து இருந்தது, முகம் கோணல். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு வயது சின்னவன் அதைக் கடித்து இழுத்ததில் ஒரு கண் கழன்று வந்திருக்கிறது. வாய்க்குள் விரலை விட்டு எடுத்தாராம். சொல்லும்போது அவர் கை நடுங்கியது.

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கண், மூக்கு, பொத்தான் கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்க்கும் சோதனையெல்லாம் அதில் உண்டு. நூறு இருநூறுக்குக் கிடைக்கும் எந்தப் பொம்மையையும் இனி திருப்பிப் பார்த்து முத்திரை தேடாமல் வீட்டுக்குள் விடுவதாக இல்லை.

ஜூலை 12, சனி

அத்தையும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம். "நாங்க ஒரு மரப்பாச்சிய வச்சுக்கிட்டே வளர்ந்தோம், என்ன குறைஞ்சு போச்சு?" என்கிறார் அத்தை. "வருஷத்துக்கு ஒரு தடவை கேக்குறா, வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்" என்கிறார் இவர்.

அத்தையின் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்துத் தெருவில் எல்லார் கையிலும் மரப்பாச்சிதான் இருந்தது. என் மகள் கேட்பது துணிப் பூதத்தை மட்டும் அல்ல. இடைவேளையில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து நிறத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது தானும் அங்கே உட்கார வேண்டும் என்று கேட்கிறாள். அது நியாயமான ஆசை. பேராசை என்று அதற்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இவர் சொல்வதிலும் பாதிதான் சரி. பிள்ளை கேட்டாள் என்பதற்காகப் பெரியவர்கள் எந்த எல்லைக்கும் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதைகள் உண்டு. 1983இல் அமெரிக்காவில் கேபேஜ் பேட்ச் பொம்மைக்குக் கடைகளில் அடிதடி. பென்சில்வேனியாவில் ஒரு கடை மேலாளர் கூட்டத்தைச் சமாளிக்க பேஸ்பால் மட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். 1996 கிறிஸ்துமஸுக்கு, முப்பது டாலருக்குள் கிடைத்த டிக்கிள் மி எல்மோ என்ற பொம்மை பல நூறு டாலருக்குக் கைமாறியது. முண்டியடித்தது குழந்தைகள் இல்லை. பெற்றவர்களும், அந்தப் பெற்றவர்களிடம் விற்கக் காத்திருந்தவர்களும். பதுக்குகிறவனுக்குத் தைரியம் தருவதே எப்படியும் நாம் கொடுத்துவிடுவோம் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கைக்கு என் வீட்டுக் காசு போகக் கூடாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

போலி லபுபுகள் சின்னப் பிள்ளைகளின் தொண்டையை அடைக்கக்கூடியவை என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்த வாரம் எச்சரித்திருக்கிறது. ஜூலையில் இரண்டு வயதுக்காரன் வாயிலிருந்து எடுத்த கண்ணை நினைத்துக்கொண்டேன். செய்தியை அப்படியே வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து தம்பி பேசினான். தீபாவளிக்கு வருகிறான். அங்கே பாப் மார்ட்டின் சொந்தக் கடையே இருக்கிறது. "ஸ்டாக் வர்றதும் தெரியல, போறதும் தெரியல. வெளியில டபுள் ரேட்டுக்கு இருக்குக்கா, வாங்கவா?" என்றான். வேண்டாம் என்றேன். அவனிடம் சொன்னதையே வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்: கடையில், போட்டிருக்கிற விலைக்கு, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரிகிற பொம்மை. அது லபுபுவாக இருந்தாலும் சரி, விலை ரெண்டாயிரம் ஆனாலும் சரி, பிறந்தநாளுக்குச் சேர்த்த காசில் பாதி அவள் போடட்டும், மீதி நான் போடுகிறேன். மூடிய பெட்டி கிடையாது. இருமடங்கு விலையும் கிடையாது.

மகள் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே கேட்டாள்: "முகம் தெரியுற மாதிரி பெருசா ஒண்ணு வருதாமே, அது ஓகேவா?" ஓகே என்றேன். இன்று போனை என்னிடமிருந்து வாங்கி மாமாவிடம் நேரடியாகச் சொல்லிவிட்டாள்: "மாமா, பச்சைன்னா வாங்குங்க. இல்லைன்னா கலர் பென்சில் செட்டு. பெட்டி மட்டும் வேணாம், அம்மா விடமாட்டாங்க."